நியுவே தீவின் ஓட்டலுக்கு நியூசிலாந்து ஏன் பணம் கொடுத்தது?

2017 ஏப்ரலில் நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனின் உயர் நீதிமன்றத்தில் ஓர் அவதூறு வழக்கு நடந்தது. தொடுத்தவர்கள் ஏர்ல் ஹேகமனும் அவர் மனைவி லானியும். ஏர்ல், நியூசிலாந்தில் பல ஊர்களில் ஓட்டல் நடத்தும் சீனிக் ஓட்டல் குழுமத்தின் நிறுவனர்; அப்போது தொண்ணூறு வயதைக் கடந்து, நோய்வாய்ப்பட்டிருந்தார். எதிரே நின்றவர் எதிர்க்கட்சித் தலைவர், தொழிற்கட்சியின் ஆண்ட்ரூ லிட்டில். இவ்வளவு பெரிய ஆட்களை நீதிமன்றம் வரை கொண்டுவந்தது, ஆக்லாந்திலிருந்து வடகிழக்கே சுமார் 2,400 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 1,600 பேர் மட்டும் வசிக்கும் நியுவே தீவில் இருக்கும் ஓர் ஓட்டல். பெயர் மத்தவாய் ரிசார்ட்.

நடந்தது இதுதான். 2014 செப்டம்பரில் நியூசிலாந்தில் பொதுத்தேர்தல். அந்தச் சமயத்தில் ஏர்ல் ஹேகமன் ஆளும் தேசியக் கட்சிக்கு 1,01,000 டாலர் நன்கொடை கொடுத்தார் (இந்தக் கட்டுரையில் டாலர் என்றால் நியூசிலாந்து டாலர்). அடுத்த மாதமே மத்தவாயை நிர்வகிக்கும் ஒப்பந்தம் சீனிக் குழுமத்துக்குக் கிடைத்தது. பிறகு நியூசிலாந்தின் வெளிநாட்டு உதவி நிதியிலிருந்து 75 லட்சம் டாலர் அந்த ஓட்டலைப் புதுப்பிக்கவும் விரிவாக்கவும் போனது. 2016-ல் இந்த மூன்றையும் ஒன்றாகக் கோத்துப் பேசிய லிட்டில், விசாரணை வேண்டும் என்று தலைமைத் தணிக்கையாளருக்கு எழுதினார். தணிக்கையாளர் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் கொடுத்த விதத்தில் குறை எதுவும் தெரியவில்லை என்றார். ஆனால் லிட்டில் ஊடகங்களிடம் சொன்ன சொற்கள் சொன்னவைதானே. அவைதான் வழக்காயின.

தீர்ப்பு இரண்டுங்கெட்டானாக முடிந்தது. லானியின் வழக்கு நிற்கவில்லை. ஏர்லைப் பொறுத்தவரை ஒரு கூற்று அவதூறுதான் என்றது ஜூரி; ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் என்ற முறையில் அப்படிச் சொல்ல லிட்டிலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பதில் அவர்களால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. அடுத்த மாதம் ஏர்ல் காலமானார். ஆகஸ்டில், கருத்துக்கணிப்புகளில் கட்சி சரிந்ததால், லிட்டில் தலைமைப் பதவியை ஜெசிந்தா ஆர்டெர்னிடம் விட்டுக்கொடுத்தார். அது வேறு கதை.

இந்த வழக்கைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் நன்கொடையையும் அவதூறையும்தான் பேசினார்கள். எனக்கு அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உறுத்தியது. வெளிநாட்டு உதவி என்றால் நம் மனத்தில் வருவது தடுப்பூசி, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய். அந்தப் பணத்தில் நீச்சல்குளம் வைத்த ஓட்டலுக்கு அறை கட்டுவது எப்படிச் சரியாகும்?

அதற்குத் தீவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நியுவே, கடலிலிருந்து மேலெழுந்த ஒற்றைப் பவளப் பாறை. பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பாதிக்குச் சற்று மேல். சுற்றிலும் செங்குத்தான பாறைக் கரை. கப்பல் வந்து அணைய ஆழமான துறைமுகம் கிடையாது. தலைநகர் அலோஃபிக்கு வெளியே சரக்குக் கப்பல் கடலிலேயே நிற்கும். சாமான்களைத் தட்டைப்படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். மீன்பிடிப் படகுகளைக்கூடக் கிரேன் வைத்துத்தான் தூக்கி மேலே வைப்பார்கள். 1774-ல் கேப்டன் குக் மூன்று முறை இறங்கப் பார்த்து, உள்ளூர்க்காரர்கள் விடாததால் கடுப்பாகி, ‘காட்டுமிராண்டித் தீவு’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயரை மறக்கடிக்கத் தீவுக்காரர்கள் இன்றும் பாடுபடுகிறார்கள்.

1974 அக்டோபர் 19 அன்று நியுவே தன்னாட்சி பெற்றது. முழு விடுதலை அல்ல, நியூசிலாந்தோடு ‘சுதந்திரக் கூட்டுறவு’ என்ற ஏற்பாடு. நியுவேக்காரர்கள் எல்லோரும் நியூசிலாந்துக் குடிமக்கள். செலாவணியும் நியூசிலாந்து டாலர்தான். அந்த ஆண்டு நியூசிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய நியுவே அரசியலமைப்புச் சட்டத்திலேயே, நியுவேக்குத் தேவையான பொருளாதார, நிர்வாக உதவியைத் தருவது நியூசிலாந்தின் கடமை என்று எழுதியிருக்கிறது. ஆகவே இங்கே உதவி என்பது தர்மம் இல்லை, சட்டப்படியான பொறுப்பு. மற்ற நாடுகளின் உதவித் திட்டங்களைப் பார்க்கும் கண்ணால் இதைப் பார்த்தால் பிடிபடாது.

குடியுரிமையால் கிடைத்தது கதவு. அந்தக் கதவு வழியாக ஊரே வெளியேறிவிட்டது. 1966-ல் தீவில் 5,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இன்று நியூசிலாந்தில் தம்மை நியுவே இனத்தவர் என்று சொல்லிக்கொள்வோர் 2018 கணக்கெடுப்பின்படி 30,000க்கும் மேல். தீவில் ஒருவர் என்றால் நியூசிலாந்தில் பதினெட்டுப் பேருக்கும் மேல். அலோஃபிக்கு வெளியே கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் வரிசையாகத் தெரியும்.

போகிறவர்களை நிறுத்த என்னென்னவோ செய்து பார்த்தார்கள். தேங்காய்ப்பால், எலுமிச்சை, பேஷன் பழம், நோனிச் சாறு. 2004-ல் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலை திறந்து, சில ஆண்டுகளில் நின்றும் போனது. வருமானத்துக்காக நினைவு நாணயம்கூட வெளியிடுகிறார்கள். ஸ்டார் வார்ஸ் பாத்திரங்கள் பொறித்த, சட்டப்படி செல்லுபடியாகும் நியுவே நாணயங்கள் உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. கடைசியில் மிஞ்சியது சுற்றுலா. தெளிந்த கடல், குகைகள், ஜூலை முதல் அக்டோபர் வரை கரைக்குப் பக்கத்திலேயே வந்துபோகும் கூனல் திமிங்கிலங்கள். விற்பதற்கு ஏதோ இருக்கிறது.

ஆனால் வருகிறவர் எங்கே தங்குவார்?

2004 ஜனவரியில் ஹேட்டா புயல் அடித்தது. அலைகள் உயரமான பாறைக் கரையையும் தாண்டி அலோஃபிக்குள் விழுந்தன. மருத்துவமனை போனது, அதற்கு முன்பே 1990-ல் ஓஃபா புயலில் அடிபட்டிருந்த நியுவே ஓட்டலும் போனது. பெயர் சொல்லத்தக்க அளவில் எஞ்சியது மத்தவாய் ஒன்றுதான். மற்றபடி சிறு விருந்தினர் இல்லங்கள், வாடகைக் குடில்கள்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. நியுவேக்கு ஆக்லாந்திலிருந்து ஏர் நியூசிலாந்து மட்டுமே பறக்கிறது. வாரம் ஒரு முறை, பிற்பாடு இரண்டு முறை. சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் சனிக்கிழமை ஏறினால் வெள்ளிக்கிழமை இறங்கலாம். ஒரு விமானத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இருக்கைகள். நிறைந்து வந்தால் தீவின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு ஒரே மதியத்தில் வந்து இறங்கியதாக அர்த்தம். அறை இல்லாத ஊருக்குக் கூடுதல் விமானம் விட விமான நிறுவனத்துக்கு மனம் வராது. விமானம் வராத ஊரில் அறை கட்ட எந்த முதலாளிக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற நிலைமை.

சரி, வங்கிக் கடன் வாங்கி உள்ளூர்க்காரர் யாராவது கட்டக் கூடாதா? நிலம் குறுக்கே நிற்கிறது. நியுவேயில் நிலம் தனி ஆளுடையது அல்ல. மங்காஃபவோவா எனப்படும் பெருங்குடும்பத்துக்குச் சொந்தம். வம்சத்தில் பிறந்த எல்லோருக்கும் அதில் உரிமை உண்டு, ஆக்லாந்தில் இருந்தாலும். விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். தீவு மக்கள் தங்கள் மண்ணை இழக்காமல் இருப்பதற்கு இந்த முறைதான் காரணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜப்தி செய்து விற்க முடியாத நிலத்தை நம்பி வங்கி பெரிய தொகை தராது. அதோடு புயல் காப்பீடு. அதோடு சிமென்ட் மூட்டையிலிருந்து குழாய்த் திருகு வரை கப்பலில் வந்து, படகில் இறங்கி, அப்புறம்தான் வேலையிடம் சேர வேண்டும் என்கிற செலவு. தனியார் கணக்குப் போட்டால் எந்தப் பக்கமும் லாபம் தெரியாது.

அதனால் அரசுப் பணம் இல்லாமல் அங்கே ஓட்டல் இல்லை. அரசுப் பணம் என்றால் நடைமுறையில் வெலிங்டன் பணம்.

2008 இறுதியில் நியூசிலாந்தில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, மரே மெக்கல்லி வெளியுறவு அமைச்சரானதும் இந்த எண்ணம் வேகம் பிடித்தது. வறுமை ஒழிப்பை மையமாக வைத்து அரைத் தன்னாட்சியோடு இயங்கிய உதவி அமைப்பை அவர் மறுபடி வெளியுறவு அமைச்சகத்துக்குள் கொண்டுவந்தார். பொருளாதார வளர்ச்சியே இனி இலக்கு என்றார். பசிபிக் தீவுகளுக்கு ஆண்டாண்டாக வரவுசெலவுப் பற்றாக்குறையை நிரப்பிக்கொண்டே இருப்பதைவிட, அவை தாமே சம்பாதிக்கும் தொழிலில் முதல் போடுவது மேல் என்பது அவர் வாதம். நியுவேயில் சம்பாதிக்கக்கூடிய தொழில் எது என்று தேடினால் மத்தவாயில்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது. அப்போதைய நியுவேப் பிரதமர் டோக்கே தாலாகியும் சுற்றுலாவை நம்பியவர்தான்.

75 லட்சம் டாலர் பெரிய தொகையா? யாருக்கு என்பதைப் பொறுத்தது. அன்றைய நியூசிலாந்து மக்கள்தொகை சுமார் 46 லட்சம். தலைக்கு ஒன்றரை டாலருக்குச் சற்று மேல். ஆக்லாந்தில் அந்தக் காசுக்கு டீ கூடக் கிடைக்காது. நியுவேயின் 1,600 பேரால் வகுத்தால் தலைக்கு 4,600 டாலருக்கு மேல். ஒரே தொகை, கொடுப்பவருக்குச் சில்லறை, பெறுபவருக்குப் பொருளாதாரமே. சிறு தீவுகளின் உதவி அரசியலில் பாதி இந்த வகுத்தல் கணக்கில்தான் இருக்கிறது. கொடுப்பவர் ஊரில் யாரும் கவனிக்காத கையெழுத்து ஒன்று இங்கே ஒரு தலைமுறையின் வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கிறது.

கவனிக்காத கையெழுத்து என்பதுதான் சிக்கலின் வேர் என்றும் நினைக்கிறேன்.

மத்தவாய் நியுவே அரசின் சொத்து. ஆனால் அரசு நேரடியாக வைத்திருக்கவில்லை. ஓர் அறக்கட்டளை வைத்திருந்தது. அறங்காவலர்களை நியுவே அரசின் சார்பில் நியமித்தவர் நியூசிலாந்தின் வெளியுறவு அமைச்சர். அதற்குக் கீழே ஓட்டலுக்கென ஒரு கம்பெனி, அதன் இயக்குநர்கள். அவர்கள் டெண்டர் வைத்து நிர்வாகத்தை ஒப்படைத்தது சீனிக் குழுமத்திடம். அடுக்கடுக்காக இப்படி வைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு: சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், ஓட்டலின் அன்றாட நிர்வாகத்தை அரசியலிலிருந்து தள்ளி வைப்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வோர் அடுக்கும் கேள்வியை ஒரு படி தள்ளிவிடுகிறது. வெலிங்டனில் கேட்டால் அது நியுவே அரசின் ஓட்டல் என்பார்கள். அலோஃபியில் கேட்டால் அறங்காவலர்களைக் கை காட்டலாம். அறங்காவலர்கள் கம்பெனியைக் காட்டலாம்.

நன்கொடைக்கும் ஒப்பந்தத்துக்கும் தொடர்பு இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. அதைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அமைச்சர் நியமித்தவர்கள், அமைச்சகத்தின் பணம், அமைச்சரின் கட்சிக்கு நன்கொடை தந்தவரின் கம்பெனி என்று மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தால் சந்தேகம் எழத்தான் செய்யும். தொடக்கத்திலேயே எல்லாக் காகிதத்தையும் பொதுவில் வைத்திருந்தால் லிட்டில் அத்தனை காட்டமாகப் பேச இடமே இருந்திருக்காது.

நிர்வாக ஒப்பந்தம் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நம் ஊரில் தோப்பைக் குத்தகைக்கு விடுவோம். காய்ப்பு குறைந்தாலும் குத்தகைக்காரர் பேசிய பணத்தைக் கட்டியாக வேண்டும். நட்டம் அவர் தலையில். ஓட்டல் தொழிலின் நிர்வாக ஒப்பந்தம் இதற்கு நேர் தலைகீழ். கட்டடம், கடன், பராமரிப்பு, நட்டம் எல்லாம் சொந்தக்காரருடையது. நிர்வகிப்பவர் தன் பெயரையும், முன்பதிவு வலைப்பின்னலையும், மேலாளர்களையும் கொண்டுவருவார். வழக்கமாக மொத்த வசூலில் ஒரு சதவீதம், அதற்கு மேல் லாபத்தில் ஒரு பங்கு என்று கட்டணம் எடுப்பார். லாபம் வராவிட்டாலும் வசூல் கட்டணம் வந்துவிடும். உலகம் முழுக்கப் பெரிய ஓட்டல்கள் இப்படித்தான் நடக்கின்றன, இதில் சூழ்ச்சி இல்லை. ஆனால் கட்டடத்தின் சொந்தக்காரர் 1,600 பேர் கொண்ட நாடாக இருந்து, அந்தக் கட்டடத்துக்கு வேறு நாட்டின் வரிப்பணம் போகும்போது, நட்டம் யாருடையது என்பது பொதுக்கேள்வி ஆகிவிடுகிறது.

பணம் சுற்றும் வட்டத்தையும் பாருங்கள். நியூசிலாந்து அரசின் உதவியில் அறைகள். அங்கே தங்க வருபவர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்தர். அவர்கள் வருவது ஏர் நியூசிலாந்தில். 2001-ல் நொடித்துப்போக இருந்ததை அரசு காப்பாற்றியதிலிருந்து அதன் பெரும்பான்மைப் பங்குதாரர் நியூசிலாந்து அரசு. நிர்வாகமும் நியூசிலாந்துக் குழுமத்திடமே போனது. மேசையில் வைக்கும் ரொட்டியும் வெண்ணெயும் பெரும்பாலும் ஆக்லாந்திலிருந்து கப்பலேறி வருபவை. தீவில் தங்குவது சம்பளம், வரி, நண்டு வேட்டைக்கு வழிகாட்டுபவரின் கூலி, வாடகைக் கார், சில கடைகளின் வியாபாரம். அது குறைவா என்றால், நியுவேயின் அளவுக்குக் குறைவில்லை. கோவிடுக்கு முன் ஆண்டுக்கு வருவோர் எண்ணிக்கை பத்தாயிரத்தை ஒட்டி ஏறியிருந்தது. மக்கள்தொகையைப் போல ஆறு மடங்கு.

இதைத் திட்டுபவர்களுக்கு நான் காட்ட விரும்புவது பக்கத்துத் தீவை. குக் தீவுகளும் நியூசிலாந்தோடு அதே வகைக் கூட்டுறவில் இருக்கும் நாடுதான். 1980-களின் கடைசியில் அங்கே தலைத்தீவான ராரோதோங்காவின் தென்கரையில், வைமாங்காவில், ஷெரட்டன் பெயரில் ஒரு பெரிய ஓட்டல் எழும்பத் தொடங்கியது. பணம் இத்தாலிய வங்கியிலிருந்து வந்த கடன். உத்தரவாதம் குக் தீவுகள் அரசு. பாதிக்கு மேல் கட்டி முடிந்த நிலையில் 1990-களின் தொடக்கத்தில் வேலை நின்றது. ஓட்டல் திறக்கவே இல்லை. வட்டியோடு சேர்ந்து கடன் பத்துக் கோடி டாலரைத் தாண்டியது. இருபதாயிரம் பேர்கூட இல்லாத நாடு அது. 1996-ல் அரசு கிட்டத்தட்ட திவாலாகி, அரசு ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் பலர் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய்விட்டார்கள். பிறகு 1998-ல் கடன்காரர்களோடு பேசித் தள்ளுபடி வாங்க வேண்டியதாயிற்று. அந்த நிலத்தில் 1911-ல் நிலத்தகராறில் ஒருவர் கொலையுண்டதாகவும், அவர் மகள் இட்ட சாபம்தான் ஓட்டலை எழும்ப விடவில்லை என்றும் ஊரில் சொல்வார்கள். கொடியும் புதரும் மூடிய கான்கிரீட் கூடுகள் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றன.

எனக்குச் சாபத்தைவிடக் கடன் பத்திரத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம். ஷெரட்டன் தோற்றபோது நட்டம் மொத்தமும் பெற்றவர் தலையில் விழுந்தது. மத்தவாய் தோற்றாலும் நியுவேக்காரர் யாரும் கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது மானியம்.

வேறு விதமான பணமும் பசிபிக்கில் ஓட்டல் கட்டுகிறது. துவாலுவின் தலைத்தீவு ஃபுனாஃபுட்டியில் இருக்கும் வையாகு லாங்கி ஓட்டல் தைவான் உதவியில் எழுந்தது. துவாலு 1979 முதல் தைவானை அங்கீகரித்துவரும் நாடு. அப்படிப்பட்டவை உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. அந்த ஓட்டலின் வரவுசெலவில் லாப நட்டம் பார்ப்பது தேவையற்றது. அந்த அங்கீகாரம் கைவிட்டுப் போகாமல் இருக்க எத்தனை அறை என்பதுதான் அங்கே கணக்கு. நியுவேயும் 2007-ல் சீனாவோடு தூதரக உறவு வைத்துக்கொண்டது. பின்னர் சாலை போடச் சீன உதவி என்ற பேச்சும் எழுந்தது. தன் கூரைக்குக் கீழே இருக்கும் தீவில் பெரிய கட்டடங்களில் யார் பெயர்ப்பலகை தொங்குகிறது என்பதில் வெலிங்டனுக்கும் அக்கறை உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆக, என் கட்சி இது: நியுவே மாதிரி ஊரில் ஓட்டல் என்பது ஆடம்பரமும் இல்லை, சாதாரண வியாபாரமும் இல்லை. அது படகுத்துறை போல, விமான ஓடுதளம் போல ஒரு பொது ஏற்பாடு. உதவிப் பணத்தில் கட்டியது தப்பில்லை. ஆனால் படகுத்துறைக்குப் பணம் ஒதுக்கினால் அதன் கணக்கு ஊருக்குத் தெரியும். ஓட்டல் என்று வந்துவிட்டால், வணிக ரகசியம் என்ற திரை தானாக விழுந்துவிடுகிறது. நிர்வாகக் கட்டணம் எவ்வளவு, அறை எவ்வளவு நிறைகிறது, பராமரிப்புக்கு எவ்வளவு எடுத்து வைக்கிறார்கள் என்று கேட்டால், போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். தீவில் அந்த அளவுக்குப் போட்டியாளரே இல்லை என்பதுதான் உதவி கேட்டதற்கே காரணம்.

பராமரிப்புதான் அடுத்த தலைவலி. பாறை விளிம்பில், உப்புக் காற்றில் நிற்கும் கட்டடம். ஏ.சி. பெட்டி துருப்பிடிக்கும், கதவுக் கீல் பிடித்துக்கொள்ளும், மரத்தளம் உப்பும். அன்றாட வசூலில் சம்பளமும் மின்கட்டணமும் அடைந்துவிடும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய புதுப்பிப்புக்குத் தனியாக எடுத்து வைக்கும் அளவுக்கு லாபம் நிற்பது, பருவகாலத்தில் மட்டும் நிறையும் சிறிய ஓட்டலில் கடினம்.

அதற்கு நடுவே 2020 மார்ச்சில் கோவிடால் நியுவே தன் எல்லையை மூடியது. சுற்றுலாப் பயணிகளுக்கு மறுபடி திறந்தது 2022 ஜூன் கடைசியில்தான். நோயைத் தடுத்ததில் தீவு அபாரமாகச் செயல்பட்டது. முதல் தொற்றே 2022 மார்ச்சில்தான் பதிவானது. அந்த இரண்டு ஆண்டுகளும் நியூசிலாந்துச் சுற்றுலாப் பயணிகள் யாரும் வரவில்லை. உப்புக் காற்று மட்டும் விடுமுறை எடுக்கவில்லை.